தாய்மாமன் சீர்

அத்தியாயம் பதினொன்று

ரத்தோட்டையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸை மாத்தளைக்கு ஒரு மைல் இருக்கும்போது பொலிஸ் மறித்தது. அரிசிச் சோதனை; ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோக அரசு தடை போட்டிருந்த காலம். ஆளாளுக்குப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

"பையில என்னா?" அரைகுறைத் தமிழில் கேட்டான் கான்ஸ்டபிள்.

"மரவள்ளிங்க, ராலாமி ஐயா. அவிச்சது."

"எல்லாம் ஒனக்கா?"

"எம்புள்ளைக்குங்க."

சொன்ன பிறகுதான் வேலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன பொங்கலிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை. பக்கத்து சீட்டில் ஓடைத்தோட்டத்து ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். நல்லவேளை, இல்லை.

கான்ஸ்டபிள் ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தான். உள்ளே அரிசியைத் திணித்துக் கொண்டுபோகிறாளோ என்று சந்தேகம். கிழங்கு அவன் விரலில் மாவாக அப்பியது. சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த பைக்குப் போனான்.

காத்தாயியைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அனுப்பியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்தில் மாவும் இல்லை, அரிசியும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒன்று விட்டு ஒன்றில் வயிற்றோட்டம். வேலம்மாவின் தம்பி கணபதிதான் வந்து சொன்னான். "நல்ல வீடுக்கா. கைப்புள்ளைய வச்சிக்கிற வேலைதான். ரெண்டு வேளை சோறு நிச்சயம்." கொழும்புக்கும் தோட்டத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். நம்பி அனுப்பினாள்.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் அதே கணபதி வந்து லயத்து வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஓடிட்டாக்கா. எவனோ டிரைவரோட. இனிமே நான் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்." அன்றைக்கு அவன் அழுத அழுகையைப் பார்த்து லயமே அழுதது.

பிறகு போன வாரம் ரத்தோட்டைச் சந்தையில் மிளகு ஏற்ற வந்த லொறி டிரைவர் இத்ரூஸ் அவள் பக்கத்தில் வந்து நின்று, "ஓடைத்தோட்டத்து வேலம்மாவா?" என்று கேட்டான். "ஒங்கட புள்ள மாத்தளையில எங்கட முதலாளி வீட்டுல ஈக்குது."

ஒரு சோனக முதலாளி வீட்டில் தன் பிள்ளைக்கு என்ன வேலை? ஓடினவள் அங்கே எப்படி வந்தாள்? இவனுக்குத் தன் பெயர் எப்படித் தெரியும்? மூன்று நாள் யோசித்துவிட்டு நேற்று இரவுதான் புருஷன் இருளாண்டியிடம் சொன்னாள். அவன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்துவிட்டுச் சொன்னான்:

"யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத. கணபதிகிட்டயும்தான். மொதல்ல நீ போய்ப் பாத்துட்டு வா."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் ஏறியிருந்தாள்.

*

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தெருவுக்குள் நுழையும்போதே மிளகு நெடி மூக்கில் ஏறியது. முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று பெண்கள் சுளகு வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் சாதிக்காய் உடைக்கிற சுத்தியல். முதலாளி பதுர்தீனின் மனைவி றம்லா.

"நீங்கதானா வேலம்மா?"

"ஆமாங்க முதலாளியம்மா."

"கையக் காட்டுங்க."

"என்னாங்க?"

"கையத்தான். யாரும் வந்து நான்தான் உம்மான்னு செல்லலாமே."

வேலம்மாவுக்குச் சுரீரென்றது. பெற்றவளிடம் அத்தாட்சி கேட்கிறாள். ஆனாலும் கையை நீட்டினாள். றம்லா அவள் விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல் நுனிகள். ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே வெடிப்பு.

"சரி. வாங்க."

பின்கட்டில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைப் பார்த்தபடி ஒரு பெண் கராம்பு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பாவாடையும் நீளச் சட்டையும். யாருடையதோ, தோள் தொங்கியது.

"காத்தாயி."

அவள் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

"ஏ காத்தாயி!"

"கொழும்பு வீட்டுல அவளுக்கு வேற பேராம்," என்றாள் றம்லா மெல்ல. "லீலாவாம். சொந்தப் பேர் செல்லிக் கூப்புட்டா ஒரு நிமிஷம் ஆகும், திரும்பிப் பாக்க."

திரும்பினாள். அவள் கண் வேலம்மாவின் முகத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போய் அவளுக்குப் பின்னால் வாசலில் நின்றது.

"யாரு கூட வந்த?"

"தனியாத்தான்டி வந்தேன்."

"பஸ்ஸ விட்டு எறங்குனப்ப யாராச்சும் பின்னால வந்தாங்களா?"

"யாரு வர்றா என் பின்னால?"

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெற்றவளைப் பார்க்கிற பிள்ளை பேசுகிற பேச்சா இது? கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த வேலம்மா, இப்போது எதைக் கொண்டு தொடங்குவது என்று தெரியாமல் கிழங்குப் பையை எடுத்து நீட்டினாள்.

காத்தாயி எழுந்து வந்து பையை வாங்கினாள். வாங்கியபோது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே பளபளவென்று ஒரு தழும்பு. இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்தது.

"இது என்னாடி?"

"சட்ட ஒண்ணு கருகிப்போச்சு. அதுக்கு," என்று சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

"மாமி, இந்தக் கெழங்குல நாலஞ்ச அவங்களுக்குக் குடுக்கட்டா?" முற்றத்துப் பெண்களைக் காட்டி றம்லாவிடம் கேட்டாள் காத்தாயி.

மாமியா? வேலம்மாவின் காதில் அது ஊசியாக இறங்கியது. இந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறானோ? பிள்ளையை வளைத்துப் போட்டுப் பேரை மாற்றிவிட்டால் யாரைக் கேட்பது? றம்லாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலாளியம்மா, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. என்னாத்துக்கு எம்புள்ளைய வச்சிருக்கீங்க?"

றம்லா கோபிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாசத்துக்கு முந்தி, கொழும்பு வீட்டுல இருந்து தப்பி வந்து, இங்க ஸ்டேஷன்ல தண்ணிப் பைப்புக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு ஈந்தாள். கண்டி ரயில் வந்து போய் எவ்வளவோ நேரம். ரெண்டு பேர் வந்து கிட்டக் கிட்ட நின்டு பேச்சுக் குடுத்தானுகள். நான் கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டேன். எந்தத் தோட்டம்னு கேட்டா ஓடைத்தோட்டம்கிறாள். அப்பிடி ஒரு பேர் பொலிசுக்கும் தெரியாது, தபால்காரனுக்கும் தெரியாது. ஆளுக்காள் வேற பேர் வச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. இத்ரூஸ்தான் சந்தை சந்தையாக் கேட்டுப் புடிச்சான்."

"அதுக்காக..."

"இங்க இவருக்கும் பயம்தான். வழக்கு வந்தா யார் பாக்குறதுன்னு கேக்குறார். என்ன செய்ய? எங்கட தெருவுல இருந்தும் பொம்புளப் புள்ளைகள் இப்பிடிப் போயிருக்குதுகள் வேலம்மா. தேடிப் போன வாப்பாமார் கேட்டுக்கு வெளியே நின்டுட்டு வந்தாங்க."

சொல்லிவிட்டு றம்லா முன்கட்டுக்குப் போய்விட்டாள். தாயையும் மகளையும் தனியே விட வேண்டும் என்று போனாளா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கப் போனாளா என்று வேலம்மா கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள்.

"ஏதும் எடுத்துட்டு வந்துட்டியாடி அங்கருந்து?" என்று ரகசியமாகக் கேட்டாள். "சங்கிலி கிங்கிலி? சொல்லிப்புடு. அம்மா திட்ட மாட்டேன்."

காத்தாயி சிரித்தாள். வயதுக்கு மீறிய சிரிப்பு.

"நீயும் கேட்டுட்டியா? அங்க ராத்திரியானா என்னைய வெளியே நாய்கிட்டப் படுக்க வச்சுக் கதவப் பூட்டிக்குவாங்க. எடுக்கிறதுக்கு என்னா இருந்துச்சு, நாய்த்தட்டா?"

வேலம்மா கிட்டப் போய் மகளின் தலையைத் தொட்டாள். முதலில் விறைத்த தலை, பிறகு மெல்லத் தளர்ந்து அவள் வயிற்றில் சாய்ந்தது. அப்போதுதான், கவுனோடு அனுப்பிய பிள்ளை பாவாடையும் நீளச் சட்டையுமாக இருப்பது அவளுக்கு உறைத்தது.

"காத்தாயி... நீ பெரிய மனுஷி ஆயிட்டியா?"

"ம்."

"எப்ப?"

"ஆடி மாசம். செவ்வாக்கிழமை."

"கெழமை நல்லாத் தெரியுமா?"

"தெரியாம? செவ்வாக்கிழமைதான் பெட்ஷீட்டெல்லாம் தொவைக்கிற நாளு. தொவைக்கிற கல்லுகிட்ட நின்னேன். வீட்டுக்கார நோனா வந்து பாத்துட்டு, மிச்சத்தையும் தொவைச்சுப்போட்டுப் போய்க் குளின்னுட்டாங்க."

குச்சு கட்டவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு முட்டை, ஒரு கரண்டி நல்லெண்ணெய் கொடுக்க ஆளில்லை. வேலம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அதிலும் செவ்வாய். செவ்வாயில் சமைந்த பிள்ளையால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது அவர்கள் சனத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கழிப்புச் செய்யாவிட்டால் தோஷம் மாமன் தலையில்தான் இறங்கும்.

"இத இவங்ககிட்ட சொன்னியா?"

"மாமிக்கிட்டயா? இல்ல. யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாத. நானே பாத்துக்கிறேன்."

*

பள்ளிவாசலில் பகல் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முன்வாசலில் ஆண் குரல் கேட்டது.

"அக்கா! வேலம்மாக்கா!"

வேலம்மா ஓடி வந்தாள். கணபதி நின்றான். டெரிலின் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. தலைக்கு மேல் ஒரு பெரிய பித்தளைத் தட்டு, மஞ்சள் துணி போட்டு மூடியது. தெருக்கோடியில் ஒரு கறுப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவன் இறங்கவில்லை.

"தம்பி! நீ எப்பிடிடா இங்க?"

"காத்தாயி கெடைச்சிட்டான்னு கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலக்கா. எங்க போயி எங்க கெடந்தாலும் நம்ம புள்ள. மாமன் வெறுங்கையோட வருவேனா? சீர் கொண்டாந்துட்டேன். இன்னிக்கே தோட்டத்துக்குக் கூட்டிட்டுப்போயி, குச்சுக் கட்டி, தண்ணி ஊத்தணும். பஸ்ல வேணாம்னு கூட்டாளி காரைக் கூடக் கொண்டாந்திருக்கேன்."

காலையிலிருந்து அந்நியர் நடுவில் கூசிக் கூசி நின்றவளுக்கு, சொந்த ரத்தம் சீர்த்தட்டோடு வந்து நின்றதும் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போனவள் என்று லயமே காறித் துப்பின பிள்ளைக்கு மாமன் சீர் கொண்டுவந்திருக்கிறான். இதைவிட வேறென்ன வேண்டும்?

றம்லா வாசற்படியை மறித்து நின்றாள்.

"ஆம்புளைகள் உள்ளுக்கு வர ஏலாது. புள்ளயும் இப்ப எங்கேயும் போகல்ல."

"நான் தாய்மாமன்ங்க. எனக்கில்லாத உரிமை ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?"

"உரிமை ஈக்கட்டும். காருக்குள்ள இருக்கிறது யார்?"

"அதான் கூட்டாளின்னு சொன்னேனே."

"கூட்டாளிக்கு எறங்கி மொகத்தக் காட்டினா என்ன?"

"முதலாளியம்மா," என்றாள் வேலம்மா. அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எம்புள்ளைய வச்சுப் பாத்தீங்க, நல்லது. அதுக்காக நீங்க பெத்தவளாயிட முடியுமா? வழிய விடுங்க."

றம்லாவின் முகம் சுண்டிப்போனது.

"நான் பெறல்ல. ஆனா அந்தக் கையில சீழ் வடிஞ்சப்ப மருந்து வச்சது நான்தான்."

உள்ளே பின்கட்டுக் கதவு படாரென்று சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து தாழ்ப்பாள் விழுந்தது.

"பாத்தியாக்கா, எப்பிடிப் பயங்காட்டி வச்சிருக்காங்க புள்ளைய!" என்றான் கணபதி. தட்டை இறக்கி வாசலில் வைத்தான். "நீ சீரை ஏத்துக்க. ஏத்துக்கிட்டா புள்ள மாமன் பொறுப்பு. அப்பறம் யாரு தடுக்கிறான்னு பாப்போம்."

அது வழக்கம்தான். அக்காக்காரி உட்கார்ந்து சீரை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றி மடியில் வைக்கவேண்டும். வேலம்மா கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். மஞ்சள் துணியை விலக்கினாள். மிளகு புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுளகை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

தேங்காய். கதலிப்பழம். ஒரு பச்சைப் பாவாடையும் தாவணியும். மஞ்சள் கிழங்கு. நல்லெண்ணெய்ப் போத்தல். சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி வளையல். ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றினாள். எதிலும் குறை வைக்கவில்லை பாவி, என்று பெருமையாக நினைத்தாள்.

தட்டின் அடியில் பழைய பத்திரிகைத் தாளில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள்.

ஒரு பிடி எள். எள்ளுக்குள் சோடியாக இரண்டு கறுப்பு வளையல்.

வேலம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளில் சமைந்த பிள்ளைக்குக் கறுப்பைக் கண்ணில் காட்டக்கூடாது. செவ்வாயில் சமைந்தவளுக்கு மட்டும், மாமன் கையால் எள்ளும் கறுப்பு வளையலும் கொண்டுவந்து, மாமனே உடைத்துப் போட வேண்டும். அப்போதுதான் தோஷம் அவனைத் தொடாமல் போகும்.

"இது என்னாத்துக்குடா?" மெதுவாகக் கேட்டாள்.

கணபதி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதுவா? வளவிக்காரன் சேத்துப் போட்டிருப்பான்க்கா."

"எள்ளும் வளவிக்காரன் போட்டானா?"

கணபதி பொட்டலத்தை மூடக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

"எந்தக் கெழமைடா சமைஞ்சா அவ?"

"எந்தக் கெழமைன்னா... மச்சான்தான்..."

"மச்சானா? ஒங்க மச்சானுக்கு அவ சமைஞ்சதே தெரியாது. எனக்கே இன்னிக்குக் காலையிலதான்டா தெரியும்! இந்தம்மாவுக்குக்கூடத் தெரியாது!"

"வயசுக்குப் பாத்து ஒரு அனுமானத்துல..."

"அனுமானத்துல எவன்டா கறுப்பு வளையல் வாங்குவான்? பொங்கலுக்கு முன்னமே ஓடிட்டான்னு என் வாசல்ல குந்தி அழுதியே. அவ ஆடி மாசம் சமைஞ்சா. அந்த வீட்டுக் கல்லுகிட்ட நின்னு சமைஞ்சா. ஒனக்கு யாரு சொன்னது? அந்த நோனாவா?"

கணபதி தெருவைத் திரும்பிப் பார்த்தான், காரையும் பார்த்தான். பிறகு குரலை மாற்றினான்.

"சரிக்கா. உள்ளதச் சொல்றேன், கேட்டுக்க. அந்த வீட்டுல சங்கிலி காணாமப் போயிருக்கு. பொலிஸ்ல என்ட்ரி போட்டிருக்காங்க. நான் கூட்டிட்டுப் போயி விட்டா அதோட முடிஞ்சிரும். இல்லேன்னா ஒம்மகளுக்கு வெலங்குதான். இவங்களுக்கும் சேத்து. யோசிச்சுக்க."

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, வேலம்மாவின் மனசு தடுமாறியது. எடுத்திருப்பாளோ? பிறகு நாய்த்தட்டு என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

மடியிலிருந்த சாமான்களை எல்லாம் உதறித் தள்ளிவிட்டு எழுந்தாள். எள்ளையும் வளையலையும் அள்ளி அவன் கையில் திணித்தாள்.

"பொலிசு வரட்டும். இப்ப நீ இத ஒடை."

"அக்கா..."

"ஒடைடா. அந்தப் புள்ளைய விக்கிறதுக்குப் பயமில்ல. தோஷத்துக்குப் பயந்துதானே இத வாங்கியாந்த? ஒடைச்சு ஒந்தலையச் சுத்திப் போட்டுட்டுப் போ!"

கணபதி கையை உதறினான். வளையல் இரண்டும் படங்கில் விழுந்து மிளகுக்குள் புதைந்தன. உடையவில்லை. அவன் அதைப் பார்த்த பார்வையில் நிஜமான பயம் இருந்தது. குனிந்து எடுக்கப் போனான். மிளகு புடைத்த பெண்களில் ஒருத்தி சுளகை அவன் முன்னால் நீட்டி மறித்தாள். றம்லா சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"ஏ இத்ரூஸ்!" என்று கடைப்பக்கம் பார்த்து ஒரு சத்தம் வைத்தாள்.

கணபதி பின்வாங்கினான். தெருவில் இறங்கியதும் திரும்பி நின்று கத்தினான்.

"என்னைய மட்டும் கேக்குறியே! நீ இங்க வந்திருக்கன்னு எனக்குச் சொன்னது யாரு? அதையும் வீட்டுக்குப் போயிக் கேளு!"

கார்க் கதவு சாத்தப்பட்டது. கார் கிளம்பியது.

*

தாழ்ப்பாள் திறக்க நெடுநேரம் ஆனது. காத்தாயி வெளியே வந்தபோது அவள் கையில் துணி மூட்டை இருந்தது. ஓடுவதற்குக் கட்டி வைத்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டான்."

"நீ அவரு கூடப் போகச் சொல்லலியா?"

"சொல்ல மாட்டேன்டி."

காத்தாயி தாயின் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்தாள்.

"ஆவணியில மாமா அந்த வீட்டுக்கு வந்தாரு. கேட்டுக் கதவுகிட்ட நின்னு நோனாகிட்ட பேசினாரு, காசு வாங்கினாரு. நான் மாமான்னு கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல. நீதான் அனுப்புனன்னு நெனைச்சேன்."

"நானா!"

"பின்ன? என்னைய அனுப்புனது நீதானே."

வேலம்மா வாசலில் சிதறிக் கிடந்த பழத்தை எல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். நான் இங்க இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லிறாத."

"ஏன்டி?"

"அன்னிக்கு மாமா நோனாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. 'இவ அப்பனுக்கு எல்லாம் தெரியும், நீங்க பயப்படாதீங்க'ன்னாரு. பொய்யோ நெசமோ எனக்குத் தெரியாது."

முற்றத்தில் சுளகுச் சத்தம் நின்றுபோயிருந்தது. நேற்று இரவு இருட்டில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த புருஷனை வேலம்மா நினைத்தாள். கணபதிக்கும் சொல்லாதே என்றவன். அவனைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. கங்காணிக்கும் வயிற்றுவலி என்றுதான் சொன்னாள். அப்படியானால் விடிவதற்குள் கணபதிக்கு யார் சொன்னது? வாய் தவறிச் சொன்னானா? மிரட்டிக் கேட்டார்களா? இல்லை...

இல்லை என்பதற்கு அப்பால் அவளால் நினைக்க முடியவில்லை. பதினாறு வருஷம் ஒரே காம்பரா அறையில், ஒரே படங்குச் சாக்கில் படுத்தவன்.

பொய் சொல்லிவிடலாம். சொல்லமாட்டேன் என்று சொன்னால் பிள்ளை நம்பும். இப்போதுதான் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

"சொல்லிட்டேன்டி," என்றாள். "நேத்து ராத்திரியே."

காத்தாயி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

றம்லா நடுவில் வந்தாள். அதிகம் பேசவில்லை.

"இத்ரூஸ், லொறியில சாக்கு ஏத்திட்டியா?"

"ஏத்தியாச்சு உம்மா."

"புள்ளைய பின்னால வேணாம், முன் சீட்டுல ஒக்கார வை. புடைக்கிற றஸ்மியாவும் கூடப் போகட்டும். வழியில மறிச்சா என்ட தங்கச்சி மகள்னு செல்லு." காத்தாயியின் தலையில் தன் முக்காடு ஒன்றைப் போட்டுவிட்டாள். பிறகு வேலம்மா பக்கம் திரும்பினாள். "வேலம்மா, கோவிக்காதீங்க. இந்த வீடு அவனுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி இங்க வைக்க ஏலாது. வேற ஒரு வீடு ஈக்குது. அது இங்கருந்து..."

"வேணாம்!"

வேலம்மா போட்ட சத்தத்தில் றம்லா திடுக்கிட்டாள்.

"எங்கேன்னு எங்கிட்ட சொல்லாதீங்கக்கா. நான் இப்ப அந்த மனுசன் மொகத்துலதான் போயி முழிக்கணும். அழுதாலும் கேப்பாரு, அடிச்சாலும் கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சா என்னிக்காவது சொல்லிப்புடுவேன். தெரியலேன்னா எங்கிட்டருந்து என்னாத்தப் புடுங்குவாங்க?"

றம்லா இத்ரூஸைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

லொறி தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. ஏறுவதற்கு முன் காத்தாயி ஒரு கணம் தயங்கினாள். கட்டிப்பிடிப்பாளோ என்று வேலம்மா எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. கிழங்குப் பையை மட்டும் மூட்டையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

தெருமுனையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று தம்புள்ளை, கலேவெலப் பக்கம். மற்றது கண்டிப் பக்கம். லொறி நகர்ந்ததும் வேலம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்கக்கூடாது. காதையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

றம்லா வந்து தோளைத் தொடும்வரை அப்படியே நின்றாள்.

"போயிட்டாங்க."

"சரிக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரத்தோட்டை பஸ் எத்தனை மணிக்குங்க?"